ராணியின் கன்னம்

ஒன்பது வயதில் எனக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு தெரியாது. ஆனால் ஒரு பழைய காசைக் கையில் கொடுத்தால் அது யு.என்.சி.யா, எக்ஸ்.எஃப்.பா, வி.எஃப்.பா என்று தரம் சொல்லிவிடுவேன். கற்றுக்கொடுத்தவர் மாமா, அம்மாவின் அண்ணன். சிதம்பரம் மேலவீதிப் பக்கம் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தார். வளையலும் ரிப்பனும் விற்ற நேரம் போக மீதி நேரமெல்லாம் பழங்காசு சேர்ப்பார். அப்பா இறந்த பிறகு, கடலூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மாமா வீட்டு மாடியில் ஷீட் போட்ட அறைக்கு நானும் அம்மாவும் வந்து சேர்ந்திருந்தோம். நாங்கள் வந்த மாதத்திலிருந்து அத்தைக்கு முட்டிவலி. சமையல், துணி, பாத்திரம் எல்லாம் அம்மாவின் தலையில் விழுந்தது. மாமாவோ கடைக்கு வருகிறவர்களிடம், "தங்கச்சிய நான்தான் வச்சிப் பாத்துக்கறேன்" என்பார்.

மாமாவின் பாடம் எளிமையானது. காசை விளிம்பில் பிடிக்க வேண்டும். முதலில் மேடான இடத்தைப் பார்க்க வேண்டும். விக்டோரியா ராணி என்றால் கன்னம், அப்புறம் காதுக்கு மேலே முடி. கைமாறிப் புழங்கிய காசு அங்கேதான் முதலில் தேயும். முடி இழை இழையாகத் தெரிந்தால் புழங்காத காசு, யு.என்.சி. இழை லேசாக மழுங்கியிருந்தால் எக்ஸ்.எஃப். மொத்தையாகிவிட்டால் வி.எஃப். அதற்கும் கீழே போனால் வெறும் வெள்ளி விலைதான். சரியாகச் சொன்னால், "கழுகுக் கண்ணுடி ஒனக்கு" என்று தலையைத் தட்டுவார். அந்தத் தட்டுக்காக நான் எதை வேண்டுமானாலும் செய்திருப்பேன். செய்தும் விட்டேன்.

அம்மாவிடமும் ஒரு ராணி ரூபாய் இருந்தது. கல்யாணத்தன்று அப்பாவைப் பெற்றவர் கொடுத்தது. பவுடர் டப்பாவுக்குள் பஞ்சில் சுற்றி வைத்திருந்தாள். அதை விற்று, கடலூர் முதுநகரில் ஓர் ஒற்றை அறை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து, தையல் மெஷினோடு போய்விடுவது என்று திட்டம். என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். ராணியின் கழுத்தடியில் நீலக் கறுப்பு படிந்திருந்தது. மாமாவிடம் காட்டுவதற்கு முன்னால், வெள்ளி விளக்கைத் தேய்ப்பதுபோல விபூதி போட்டுப் பளபளப்பாக்க உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

"தேச்சா கிரேடு பூடும்மா! கறுப்பு இருந்தா இருக்கட்டும்!"

அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். எனக்கும் பெருமைதான். அந்தக் காசை ஒரு கீறல் விழாமல் மாமாவுக்காகக் காப்பாற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போனோம். மாமா லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். திருப்பி வருஷத்தைப் பார்த்தார். மறுபடியும் திருப்பினார்.

"தேஞ்சி பூடுச்சிம்மா. வி.எஃப். கூடத் தேறாது."

"நல்லாப் பாருண்ணே. பொழங்காத காசு அது. பொட்டிய விட்டே எடுக்கல அவுங்க."

"நான் இன்னா பொய்யா சொல்றேன்? ஒன் பொண்ணையே கேளு. அவளுக்குத் தெரியும்."

அம்மா லென்ஸை வாங்கி என் கையில் கொடுத்தாள். "நீ பாத்துச் சொல்லு பாப்பா."

ராணியின் கன்னம் கொழுகொழுவென்று இருந்தது. காதுக்கு மேலே முடியை இழை இழையாக எண்ணிவிடலாம். மாமா என் பின்னால் வந்து நின்று தலைமேல் கை வைத்தார். மாமாவுக்குத் தெரியாததா, நம் கண்தான் தப்பு என்று நினைத்தேன். முழுதாக நினைக்கவில்லை, பாதிதான் நினைத்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு அந்தக் கை தலைமேலேயே இருந்தால் போதும் என்றிருந்தது.

"ஆமாம்மா. முடி தேஞ்சிருக்கு."

அம்மா லென்ஸை வாங்கி மாமாவிடம் நீட்டினாள். அட்வான்ஸில் கால் பங்குக்குக்கூட வராத பணத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். சாயங்காலம் மாமா எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். நான் குடித்தேன்.

அதற்குப் பிறகு அம்மா கடலூர்ப் பேச்சை எடுக்கவேயில்லை. அத்தையின் முட்டிவலியும் குறையவில்லை. பதினாறு வயதில் ஒருநாள் மாமாவின் ஆல்பத்தைப் புரட்டியபோது அதே காசைப் பார்த்தேன். ராணியின் கழுத்தடியில் அதே நீலக் கறுப்பு. பிளாஸ்டிக் உறைமேல் மாமாவின் கையெழுத்தில் யு.என்.சி. என்று எழுதியிருந்தது. பக்கத்திலேயே, அபூர்வ வருஷம் என்று அடிக்கோடு வேறு. மாடிக்கு ஓடி, மாமா நம்மை ஏமாற்றிவிட்டார் என்று கத்தினேன். அம்மா அத்தையின் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும். அன்னிக்கே தெரியும். தேஞ்ச காசுன்னா அத்தினி நேரம் திருப்பித் திருப்பிப் பாப்பாரா அவுரு?"

"அப்புறம் ஏம்மா குடுத்த?"

"நீ நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, காசப் புடுங்கிக்கினு ஒன்னையும் கூட்டிக்கினு அப்டியே பஸ் ஏறியிருப்பேன். நீ அவுரு சொன்னதையே சொன்ன. புள்ளைக்கு இங்க இருக்கத்தான் புடிச்சிருக்குன்னு நெனச்சிக்கினேன்."

லென்ஸை என் கையில் கொடுத்தபோது, போவதா இருப்பதா என்பதையும் சேர்த்தே அம்மா என்னிடம் கொடுத்திருக்கிறாள். ஒன்பது வயதில் எனக்கு அது தெரியவில்லை. தெரிந்த அன்றைக்கு, அம்மா மடித்த புடவைகளை எடுத்துக்கொண்டு அத்தையிடம் கொடுக்கக் கீழே போனாள்.