நாலு செல்லோடு நின்ற கரு

அந்த லேப் டாக்டரின் பெயரை நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை. தொண்ணூறுகளில், குழந்தைக்காக நானும் வீட்டுக்காரரும் கோபியிலிருந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அலைந்துகொண்டிருந்தோம். உடம்புக்கு வெளியே, கண்ணாடித் தட்டில் கருவை உருவாக்கி வளர்ப்பது அங்கே அவர் வேலை. ஒல்லியான ஆள். யாரோடு பேசினாலும் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டே இருப்பார்.

எங்களுக்கு உருவானது ஒரே கரு. அதை என் வயிற்றில் வைப்பதாக இருந்த காலையில் அவரே வெளியே வந்தார்.

"நாலு செல்லோட நின்னுபோச்சுங்க அம்மணி. அதுக்கு மேல பிரியலீங்க."

"நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனுங்களா?"

"இல்லீங்க. கருப்பையில சில பொருள் ஊறுமுங்க, வளர்ச்சிக் காரணின்னு சொல்லுவோம். கருவைப் பிரிஞ்சு வளரச் சொல்றது அதெல்லாந்தானுங்க. எலியில கொஞ்சம் பாத்திருக்கறாங்க. மனுசக் கருவுக்கு எது, எப்ப வேணும்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாதுங்க. இது அதனாலதான் நின்னுச்சான்னுகூட எனக்குத் தெரியலீங்க."

"அடுத்த தடவை?" என்றார் வீட்டுக்காரர்.

"அப்பவும் தட்டுல கருவை வளக்கறதுக்கு இதே திரவந்தானுங்க, அந்தப் பொருளெல்லாம் இதுல இல்லீங்க."

இன்னொரு முறை வர எங்களுக்குத் தெம்பில்லை. அந்தக் கருவை ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டேன். உள்ளே கூட்டிப்போய் மைக்ராஸ்கோப்பில் காட்டினார். நாலு சின்ன உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"இதைக் கொட்டிருவீங்களா?"

"சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டுங்க," என்றார்.

இனி வளராது என்று நன்றாகத் தெரிந்தவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.