தட்டினால் சத்தம் மாறாத பெட்டி

லார்ன் டக்கெட்டுக்கு இரண்டு காரியங்கள் நன்றாக வரும். ஒன்று தகடு மடிப்பது. மற்றொன்று, ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே குத்தினால் வலிக்கும் என்று கண்டுபிடிப்பது. முதலாவதை வைத்துக்கொண்டு எரி என்ற பெரிய ஏரியின் கரையோர ஊர்களில் வீடு வீடாக வெப்பக்காற்றுக் குழாய் போட்டுப் பிழைத்தான். இரண்டாவதில் காசு வராது, ஆனால் ருசி அதில்தான் இருந்தது. மைத்துனியின் கல்யாண விருந்தில் எழுந்து நின்று மாப்பிள்ளையின் திக்குவாயைப் பேசிக் காட்டியவன் அவன். மாப்பிள்ளை பதில் சொல்ல வாயெடுத்தான். அந்தப் பதில் வெளியே வர எடுத்துக்கொண்ட நேரத்தில் லார்ன் இரண்டாவது முறையும் பேசிக் காட்டிவிட்டான்.

ஓய்வு பெற்றதும் ஒரு கிட் கார் தருவித்தான். கார் வராது; காராக வேண்டியதெல்லாம் மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். சேர்த்து முடுக்கி ஓடவைப்பது வாங்கியவன் தலையெழுத்து. மனைவி மர்லீனின் வண்டி குளிர்காலமெல்லாம் வெளியே பனியில் புதைந்து கிடக்க, கராஜுக்குள் லார்னின் கார் அங்குலம் அங்குலமாக வளர்ந்தது. கூரையில்லாத, இரண்டே பேர் உட்காரக்கூடிய, தாழ்வான நீலக் கார். அவ்வளவு அழகான வண்டியை அவ்வளவு கெட்ட வாய் கட்டியிருக்கிறதே என்று ஊரில் வியக்காதவர் இல்லை.

இப்படிக் கார் கட்டியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தக்காளிப் பண்ணை வைத்திருந்த ஹாங்க் அதற்குத் தலைவன். பனி விழுவதற்குள் கார்களைப் போர்த்தி மூடிவிட வேண்டும் என்பதால், அக்டோபரில் அறுவடைக்கு நன்றி சொல்லும் விடுமுறை நாளுக்கு முந்தைய சனிக்கிழமை, ஐஸ் ஹாக்கி அரினாவின் பின்புறத் திடலில் கடைசியாக ஒருமுறை கூடுவார்கள். அன்று புட்டி வேட்டை நடக்கும். இந்தக் கார்களில் ஜாக்கி கொள்ளும் அளவு டிக்கியைத் தவிர சாமான் வைக்க இடமே கிடையாது. அதனால் கட்டுகிறவன் ஒவ்வொருவனும் இருக்கைக்குப் பின்னாலோ டாஷ்போர்டுக்கு அடியிலோ எங்காவது ஒரு ரகசியப் பொந்து செய்துகொள்வான். அதற்குள் ஒரு விஸ்கி புட்டியை ஒளித்துவிட்டு, காருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். மற்றவர்கள் புகுந்து தேடுவார்கள்.

தேடுவதில் லார்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. காதைத் தகட்டோடு வைத்து, நடுவிரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவான். சத்தம் மாறும் இடத்தில் நின்று, காரின் சொந்தக்காரன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான். அப்படித்தான் சில வருஷங்களுக்கு முன் மெர்வினின் காரில் இருக்கைக்குப் பின்னால் நின்றான்.

மெர்வின் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன், வாய் திறந்து அதிகம் பேசமாட்டான். அவன் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டான்.

"லார்ன், அதுல புட்டி இல்லப்பா. பின்னாடி டிக்கியில இருக்கு. நானே எடுத்துத் தர்றேன்."

"உக்காருடா! ஓனர் எந்திரிச்சா ஆட்டம் கெட்டுப்போவும். ஹாங்க், இதை ரூல்ல எழுதிக்கோ. முடிஞ்சுதுன்னு நாம சொல்ற வரைக்கும் ஓனர் எந்திரிக்கக் கூடாது."

எல்லாரும் ஆமாம் போட்டார்கள். லார்ன் மூடியை நெம்பினான். உள்ளே ஒரு சிறு சீப்பும் பசைக்குழாயும் இருந்தன. கூடவே பிளாஸ்டிக் உறையில் சுற்றிய செம்பட்டை நிறத் தலைமுடி. மெர்வினின் தலையில் இருப்பது விக் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. கூரையில்லாத காரில் காற்று அள்ளிக்கொண்டு போனால் என்ன செய்வது என்று மாற்று விக் வைத்திருந்திருக்கிறான், பாவம். லார்ன் அதை எடுத்துக் கியர்க் குமிழில் மாட்டி, அந்தச் சீப்பாலேயே வாரிவிட்டான்.

"பாருங்கடா, கியருக்கு முடி மொளச்சிருக்கு! ஏம்ப்பா மெர்வின், ரிவர்ஸ் போட்டா வகிடு மாறுமா?"

திடலே விழுந்து விழுந்து சிரித்தது. மெர்வினும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சிரித்தான். அதற்குப் பிறகு அவன் விக் வைத்துக்கொள்ளவில்லை. மொட்டைத் தலையில் ஒரு தொப்பியோடு ஒரு கூட்டம் தவறாமல் வந்தான். லார்ன் அவனை "வகிடு" என்றே கூப்பிட்டான், அவனும் திரும்பிப் பார்த்தான்.

போன குளிர்காலத்தில் லார்னின் புராஸ்டேட் சுரப்பியைப் புற்றுநோய்க்காக அறுவை செய்து எடுத்தார்கள். புற்றுநோய் போய்விட்டது. ஆனால் சிறுநீரை அடக்கும் பிடியும் விட்டுப்போனது. இருமினாலும் சிரித்தாலும் நாற்காலியிலிருந்து எழுந்தாலும் போய்விடும். மாதங்கள் ஆகியும் பிடி திரும்பவில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவனைப் பார்த்துச் சிரித்தே காலம் தள்ளிய மனிதன், டயப்பர் கட்டிக்கொண்டு, டிவியில் நகைச்சுவை வந்தால் அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு நோயைப்பற்றிப் பயம் இல்லை. சங்கத்தில் ஒருவனுக்குத் தெரிந்தால் எப்படிச் சிரிப்பார்கள் என்பதுதான் பயம். எப்படிச் சிரிப்பார்கள் என்று அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

"என் கைப்பையில எடம் இருக்கு. ரெண்டு டயப்பர், ஒரு மாத்துப் பேன்ட். யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் மர்லீன்.

"கொழந்தைக்குப் பால்புட்டியும் சேத்து எடுத்துக்கோயேன்! அந்தப் பையைத் தூக்கிக்கிட்டு என் பின்னாடி வந்தேன்னா, நடு ரோட்டுல எறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்."

"சரி, எடுத்துட்டு வரல. நீதான் சொன்னே, ஞாபகம் வச்சுக்கோ."

அவன் கராஜுக்குள் போனான். அவன் கட்டிய பெட்டிகளிலேயே சிறந்தது அந்தக் கோடையில் கட்டியதுதான். பக்கத்து இருக்கைக்காரர் கால் நீட்டும் குழிக்கும் முன்சக்கர மட்கார்டுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் உண்டு. குழியின் பக்கச் சுவரை வெட்டி, வெட்டிய தகட்டையே கதவாக்கினான். கீல் வெளியே தெரியாது. டாஷ்போர்டில் உள்ள கைப்பிடியைக் கீழ்நோக்கி அழுத்தினால் உள்ளே கொக்கி விடுபடும். கதவின் பின்பக்கம் தார் அட்டையை ஒட்டி, நுரைமெத்தையை அடைத்தான். பிறகு முட்டியால் தட்டினான். மற்ற இடங்களில் என்ன சத்தமோ அதே சத்தம்தான் வந்தது. தன் காதையே ஏமாற்றிவிட்டோம் என்று அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மேலே கறுப்புக் கார்பெட்டை ஒட்டி, ஓரங்களை ஒன்றோடொன்று மயிர் கலக்கும்படி தேய்த்துவிட்டான். உள்ளே டயப்பர்களும் பவுடரும் மாற்றுப் பேன்ட்டும் போயின. கோடை முழுக்க ஒவ்வொரு பயணத்திலும் அதைத் திறந்து மூடினான். ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியவில்லை.

வேட்டைக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றால், லார்ன் வராத வேட்டை இதுவரை நடந்ததில்லை. வீட்டுக்கே வந்து துருவித் துருவிக் கேட்பார்கள். ஆகவே ஒரு யோசனை செய்தான். புட்டியை டிக்கியில் ஜாக்கிப் பைக்குள் வைத்தான், குருடன்கூடக் கண்டுபிடிக்கிற இடத்தில். உடனே கிடைத்துவிடும், அடுத்த காருக்கு நகர்ந்துவிடுவார்கள். கறுப்புப் பேன்ட் போடச் சொன்னாள் மர்லீன். எப்போதும் போடும் வெளிர் காக்கியை மாற்றினால் சந்தேகம் வரும் என்று அதையே போட்டான்.

ஏரிச்சாலையின் மேடுபள்ளத்திலேயே டயப்பர் பாதி நனைந்துவிட்டது. போனதும் மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தான். இறங்குவதற்குள் ஹாங்க் சீட்டுக் குலுக்கினான். முதல் சீட்டே லார்ன்.

உட்கார்ந்தான். நினைத்தபடியே கண்மூடித் திறப்பதற்குள் புட்டி கிடைத்தது. அவன் நாற்காலிக் கைகளைப் பிடித்து எழப்போனான்.

"எங்க போற? உக்காரு" என்றான் ஹாங்க். "ஜாக்கிப் பையிலயா? லார்ன் டக்கெட்டா? எங்களை என்ன கேனப்பயலுங்கன்னு நெனச்சியா? டேய், இது சும்மா கண்துடைப்பு. அசல் புட்டி வேற எங்கயோ இருக்கு. தேடலாமா வேணாமா?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. லார்ன் நாற்காலிக் கைகளை விட்டுவிட்டுத் திரும்ப உட்கார்ந்தான்.

"அவ்வளவுதான்டா, வேற இல்ல. வயசாயிடுச்சு, யோசிக்க முடியல" என்றான்.

"நடிக்கிறான் பாரு!" என்று கத்தினார்கள். அவன் கெஞ்சக் கெஞ்ச அவர்களுக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. அவன் சொல்லிக்கொடுத்த மாதிரியே காதை வைத்து, முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டார்கள். கால் குழியிலும் தட்டினார்கள். சத்தம் மாறவில்லை. பெட்டி அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் அப்போதே முடிந்திருக்கும்.

ஏரிக்காற்று சில்லென்று அடித்தது. எவனோ சொன்ன ஜோக்குக்கு எல்லாரும் சிரித்தார்கள், லார்ன் பல்லைக் கடித்துக்கொண்டான். அப்படியும் போனது. டயப்பர் நிரம்பி, தொடையோரமாக ஈரம் இறங்குவதை உணர்ந்தான். கோட்டை இழுத்து மடியில் போட்டுக்கொண்டான். தூரத்தில் பலகார மேசையருகே நின்ற மர்லீன் என்ன என்பதுபோலக் கையை அசைத்தாள். அவள் தோளில் பை இல்லை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மெர்வின் மட்டும் தட்டவில்லை. காருக்கு வெளியே மண்டியிட்டு, கால் குழிக்குள் தலையை விட்டு, கார்பெட்டை விரல்நுனியால் தடவிக்கொண்டிருந்தான். வருஷக்கணக்காக விக்கின் ஓரத்தை மறைத்து வாழ்ந்தவன் அவன். ஓரத்தை எப்படி ஒளிப்பார்கள், அடிக்கடி கை பட்டால் அங்கே மயிர் எந்தப் பக்கம் சாயும் என்று அவனுக்குத் தெரியும். மெல்ல எக்கி டாஷ்போர்டுக் கைப்பிடியை அழுத்தினான். கதவு ஒரு விரல் அளவு திறந்தது. கையை உள்ளே விட்டான்.

மெர்வின் கையை வெளியே எடுத்தான். கதவைச் சாத்தி, கார்பெட்டைத் தேய்த்து ஓரத்தை மறைத்தான்.

"இங்க ஒண்ணும் இல்ல" என்றான்.

லார்னுக்கு அழுகையே வந்துவிட்டது. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தான். அடுத்த கணம் மெர்வின் காப்பிக் குடுவையும் ஒரு கோப்பையும் எடுத்து வந்து எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"குளிருது இல்ல? இந்தா, கோப்பையைப் புடி." ஆவி பறக்கும் காப்பியை விளிம்புவரை ஊற்றினான். பிறகு திரும்பிக் குரல் கொடுத்தான். "அவசரமே வேணாம், நிதானமா தேடுங்க. ஓனருக்கு எங்கயும் போவ வேண்டியதில்ல. இல்லியா லார்ன்?"

லார்ன் அவன் கண்ணைப் பார்த்தான். அங்கே பெரிய மனசு எதுவும் இல்லை.

"மெர்வின், வேணாம்டா" என்றான் அடிக்குரலில்.

"பேரெல்லாம் ஞாபகம் இருக்கே! குடி, ஆறிடும்."

காப்பி ஆறுவதற்குள்ளாகவே காருக்குள் இருந்தவர்கள் களைத்து வெளியே வந்தார்கள். ஹாங்க் தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.

"தோத்துட்டோம்டா! நீதான் ராஜா. எந்திரிச்சு வா, நீயே தொறந்து காட்டு."

எல்லாரும் தாளம் போட்டுக் கைதட்டினார்கள். எந்திரி, எந்திரி, எந்திரி. பலகார மேசைக்காரிகளும் சேர்ந்துகொண்டார்கள். லார்ன் மடியிலிருந்த கோட்டை ஒதுக்கி, கொதிக்கும் காப்பியைத் தன் தொடைமேல் கவிழ்த்துக்கொண்டான்.

அலறல் அரினாச் சுவரில் மோதித் திரும்பியது. "கோப்பை புடிக்கத் தெரியாதவனெல்லாம் கார் கட்டுறான்!" என்று ஒருவன் கத்த, திடல் சிரித்தது. தோல் வெந்துகொண்டிருக்கும்போதே லார்னுக்கு உள்ளே ஒரு நிம்மதி. முழுப் பேன்ட்டும் காப்பி. தப்பித்துவிட்டோம்.

மெர்வின் எழுந்து காரிடம் போனான். கைப்பிடியை அழுத்தினான். எல்லாரும் பார்க்கக் கதவு திறந்தது.

"பாவம், வெந்துபோச்சு. மாத்துத் துணி வேணுமில்ல? லார்ன் முன்யோசனைக்காரன், எல்லாம் வச்சிருக்கான்."

பேன்ட்டை எடுத்துக் காரின் முன்மூடிமேல் வைத்தான். அதன் பக்கத்தில் டயப்பர்களை ஒவ்வொன்றாக விரித்து வைத்தான். பவுடர் டப்பாவைக் கடைசியில் வைத்தான். லார்ன் நாற்காலியின் கைகளைப் பிடித்து எழ முயன்றான்.

"உக்காருடா" என்றான் மெர்வின். "முடிஞ்சுதுன்னு நாங்க இன்னும் சொல்லல."

யாரும் சிரிக்கவில்லை. ஹாங்க் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஏரிப் பக்கம் திரும்பி நின்றான். ஒருவன் தன் கார்ச் சாவியைத் தேடுவதுபோல் பையைத் துழாவினான். மர்லீன்தான் மேசைத்துணியை உருவிக்கொண்டு ஓடிவந்து அவனைச் சுற்றி மறைத்து எழுப்பினாள். அந்தக் காரை அவள் முதல்முறையாக ஓட்டினாள். பாதி வழியில் அவன் சொன்னான்:

"பையை எடுத்துட்டு வந்திருக்கலாம்."

"வந்திருக்கலாம்" என்றாள் அவள், சாலையைப் பார்த்தபடி.

தொடையின் புண் ஆற நாளாயிற்று. ஹாங்க் ஒரு பாத்திரத்தில் மக்ரோனி சமைத்து எடுத்துக்கொண்டு பார்க்க வந்தான். ஹாங்க்கின் மகன் பண்ணையை விட்டுவிட்டு ஓடிப்போனதும், பெற்றவனோடு பேச்சுவார்த்தை இல்லாததும் ஊரறிந்த விஷயம். அதைத் தொட்டால் ஹாங்க் கொலைவெறியோடு எழுவான். லார்ன் அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"என்ன ஹாங்க், சொந்தப் பிள்ளை ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேங்குறான்னு எனக்குச் சோறு ஊட்ட வந்தியா?"

சொல்லிவிட்டு அடிக்காகக் காத்திருந்தான். ஹாங்க் எழவில்லை. முகம்கூடச் சிவக்கவில்லை. போர்வையை இழுத்து லார்னின் காலை மூடிவிட்டு, தோளைத் தட்டிக்கொடுத்தான்.

"ஒடம்பைப் பாத்துக்கோ லார்ன். கோவப்படாத, ஒனக்கு ஆவாது."

வெளியே போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனான்.