அடுத்த வளவில் என் கார்

காரை விற்பதென்றால் கண்ணுக்குத் தெரியாத ஊருக்கு விற்க வேண்டும். நான் அடுத்த வளவுக்கு விற்றேன்.

வாங்கியவள் கிரானுக்கு அப்பால் வயல் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் மருத்துவ மாது. என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். என்னை அக்கா என்பாள். அவளுடைய கணவன் வாழைச்சேனைத் துறைமுகத்தில் போட் எஞ்சின் திருத்துகிறவன். இடுப்பில் வைத்துத் தூக்குகிற வயதில் ஒரு பெண் குழந்தை. வந்தாறுமூலையில் எங்கள் இரு வளவுகளுக்கும் நடுவே இருப்பது வெறும் கம்பி வேலி. அதில் மறைப்பு ஒன்றும் கிடையாது.

கார் பழைய ஜப்பான் கார். என் கணவர் கட்டாருக்குப் போன பிறகு வாங்கியது. லீவில் வரும்போது மட்டும் அவர் ஓட்டுவார். மற்ற நாளெல்லாம் கிரானில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு நானே ஓட்டிப் போய் வந்தேன். போன கோடையில்தான் அதற்குச் சூடேறத் தொடங்கியது. வெறும் ரோட்டில் ஓடினால் ஒன்றுமில்லை. அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஊர்ந்தால் போதும், ஊசி சிவப்புக் கோட்டுக்கு ஏறிவிடும். பானெட்டுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்கும். ஓரத்தில் நிறுத்தி, சூடு ஆறும்வரை மரநிழலில் நின்று, போத்தலில் கொண்டு போன தண்ணீரை ஊற்றிக்கொண்டு போவேன்.

கராஜ் கராஜாக அலைந்தேன். ஒருவர் ரேடியேட்டரைக் கழுவினார். இன்னொருவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசினார். இன்னொருவர் குழாய்களை மாற்றினார். எல்லா இடத்திலும் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு என்னை இருத்திவிட்டு, "சேர் வரல்லையா?" என்று கேட்டார்கள். சேர் கட்டாரில் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போனது.

"அத வித்துத் தொலை புள்ள" என்றார் கணவர் தொலைபேசியில். "நடு ரோட்டில நிண்டா ஆர் வாற உனக்கு? பஸ்ஸில போய் வா."

விற்றேன். காரின் சூட்டுக் குணத்தை மறைக்காமல்தான் விற்றேன். "அத இவர் பாத்துக்குவாரு அக்கா" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அன்றைக்கே எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை இருவரும் காரைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். நான் உடுப்புக் காயப்போட வந்தவள், காயப்போட்டு முடித்தும் உள்ளே போகவில்லை. அவன் கீழே படுத்துத் தண்ணீரைச் சட்டிக்குள் திறந்துவிட்டான். அவள் சட்டியைப் பிடித்தாள். அவன் மேல்பக்கக் குழாயின் இறுக்கியைத் தளர்த்த, அவள் குழாயை இழுக்க, அது சட்டென்று கழன்று பழுப்புத் தண்ணீர் அவள் முகமெல்லாம் தெறித்தது. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் தன் சாரன் நுனியால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டான்.

எனக்கு வயிறு எரிந்தது.

அந்தக் கார் என்னிடம் இருந்த வருடங்களில் பானெட்டுக்குள் என்னோடு தலையை நீட்டியவர் யாருமில்லை. பக்கத்தில் ஒரு ஆள் குனிந்து நின்று, இதைப் பிடி, அதைத் தா என்று சொல்வதும், அதில் தவறி ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரைக் கொட்டிக்கொள்வதும் இவ்வளவு பெரிய விசயமாக எனக்கு முன்பு தோன்றியதே இல்லை. காருக்காக எரிகிறதா அந்தச் சாரன் நுனிக்காக எரிகிறதா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பழைய ரேடியேட்டரைத் தூக்கி வெளியே எடுத்ததும் அவன் வேலிப் பக்கம் கூப்பிட்டான்.

"அக்கா, இஞ்ச வந்து பாருங்க. உள்ளுக்குள்ள ஒரே சேறு!"

போய்ப் பார்த்தேன். அடிப்பக்கத்துத் தகடுகள் விரல் பட்டாலே உதிர்ந்தன. வாய்க்குள் துருவும் மண்ணும் அடைத்துக்கொண்டு கிடந்தன. என் அடுப்படியைத் திறந்து ஊருக்குக் காட்டியது போல இருந்தது எனக்கு. "கிணத்துத் தண்ணி ஊத்தினா இப்பிடித்தான்" என்றான் அவன். வஞ்சகமில்லாமல்தான் சொன்னான். அதுவும் எனக்குக் கோபம்.

பின்னேரத்துக்குள் பளபளவென்று புது ரேடியேட்டர் ஏறிவிட்டது. பச்சை கூலன்ட் ஊற்றி, குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, செங்கலடிப் பக்கம் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். திரும்பி வரும்போது வாசலிலேயே கார் சீறியது. பானெட் விளிம்பெல்லாம் ஆவி.

எனக்குச் சந்தோசமாக இருந்தது. தேநீர் போட்டுக் குடித்தேன்.

அந்தக் கிழமை முழுக்க அவன் வேலையால் வந்ததும் வராததுமாக அதோடுதான் மல்லுக்கட்டினான். விசிறியில் பழுதில்லை. எங்கும் ஒழுக்கில்லை. மூடியையும் புதிதாக வாங்கிப் போட்டான். ஊற்றிய தண்ணீர் குறையவில்லை, ஆனாலும் ஊசி ஏறியது. "போட் எஞ்சினெண்டா வெளியால கடல் தண்ணிய இழுத்து வெளியால விடும். இது மூடின தண்ணி, என்ன செய்யிதெண்டு விளங்குதில்ல" என்று அவன் சொல்வது எனக்குக் கேட்டது. சிரிப்புச் சத்தம் குறைந்திருந்தது.

எனக்குக் காரணம் தெரிந்தது. குழாய் மாற்றிய பிறகு என்னிடமும் அது இதே விளையாட்டு விளையாடியிருந்தது. டவுனில் ஒரு கராஜில் அதைச் சரி செய்யும்போது நான் கதிரையை விட்டு எழும்பிப் போய்ப் பார்த்திருந்தேன். கேட்டைத் திறந்துகொண்டு அவர்கள் வளவுக்குப் போனேன். உதவி செய்யவென்று போகவில்லை. இந்தக் காரை எனக்குத்தான் தெரியும் என்பதை அவர்கள் இருவரும் பார்க்க வேண்டும், அதற்காகவே போனேன்.

"தண்ணி ஊத்தக்குள்ள ஹீட்டரத் திறந்தீங்களா?" என்று கேட்டேன்.

"ஹீட்டரா?" அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "இந்த வெயிலுக்குள்ள ஆரு அக்கா ஹீட்டர் போடுற?"

"குளிருக்கு இல்ல. ஹீட்டருக்குள்ளயும் எஞ்சின் தண்ணி ஓடுற குழாய் இரிக்கு. அத மூடி வெச்சி ஊத்தினா உள்ளுக்குக் காத்து நிண்டிரும். காத்து நிண்டா தண்ணி சுத்தாது. முன்பக்கத்தத் தூக்கி வெச்சி, ஹீட்டரத் திறந்து, மூடியக் கழட்டி ஓட விடணும். காத்தெல்லாம் மேல வந்திரும்."

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "மேட்டுக்கு எங்க போற அக்கா? இந்த ஊரே தட்டையாக் கிடக்கு."

"துறைக்குப் போவம்" என்றேன்.

வாவிக்கரையில் தோணிகளை இழுத்து ஏற்றும் சரிவு ஒன்று இருக்கிறது. அவள் குழந்தையோடு பின்சீட்டில் ஏற, அவன் சாவியை என்னிடம் நீட்டினான். நான் காரைப் பின்பக்கமாகச் சரிவில் இறக்கி, முகம் மேலே பார்க்கும்படி நிறுத்தினேன். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தோம். அவன் மூடியைக் கழற்றினான். நான் ஹீட்டரை முழுதாகச் சூட்டுக்குத் தள்ளி எஞ்சினை ஓட விட்டேன். வெக்கை முகத்தில் அடித்தது, முதுகெல்லாம் வியர்வை.

"கொஞ்சம் ரேஸ் பண்ணுங்க அக்கா. இன்னும் கொஞ்சம். ஆ, வருது, வருது!"

இறங்கிப் போய் நானும் குனிந்து பார்த்தேன். மீன் மூச்சு விடுவது போலக் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. ஒவ்வொரு குமிழிக்கும் தண்ணீர் கீழே இறங்க, அவன் மேலும் ஊற்றினான். கடைசியில் குமிழி நின்றது. கொஞ்ச நேரத்தில், சூடான தண்ணீர் ஓடி வந்ததும், விசிறி தானாகச் சுற்றத் தொடங்கியது. அவன் சின்னப்பிள்ளை மாதிரிக் கை தட்டினான்.

"நீங்க எங்கட துறைமுகத்துக்கு வேலைக்கு வாங்க அக்கா! நாம ரெண்டு பேரும் சேந்தா ஊரில ஒரு எஞ்சினும் தப்பாது."

கை துடைக்கத் துணியை என்னிடம் எறிந்தான். நானும் வாய்விட்டுச் சிரித்தேன். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தேன் என்று நினைவில்லை.

நிமிர்ந்தபோது அவளைக் கண்டேன். தோணியடியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் எனக்குத் தெரியும். ஒரு கிழமையாக வேலிக்கு என் பக்கத்தில் நின்றது அதே முகம்தான்.

"புள்ளைக்குப் பசிக்கிது. நான் நடந்து போறன்" என்றாள்.

"காரிலயே போவமே, என்ன?" என்றான் அவன், ஒன்றும் விளங்காமல்.

முதலில் எனக்கு இனித்தது என்பதைச் சொல்ல வேண்டும். இந்த வயதில், இந்த வியர்வையோடு, என்னைப் பார்த்து ஒருத்தி எரிகிறாள்! ஆனால் அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மணலில் தனியாக நடக்கத் தொடங்கியதும் அந்த இனிப்பு நிற்கவில்லை.

"இஞ்ச வாகா" என்று கூப்பிட்டேன். "ஓட்டிப் பாக்கிறது நீதான். ஒன்ட கார்தானே."

நின்றாள். யோசித்தாள். பிறகு திரும்பி வந்து, குழந்தையை அவனிடம் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தாள். அவர்கள் போன பிறகு நான் வாவிக்கரை வழியாக நடந்து வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு ஆவி பறக்கவில்லை. மறுநாளும் இல்லை.

வெள்ளிக்கிழமை வழக்கம்போலக் கணவர் தொலைபேசியில் எடுத்தார். நடந்ததை ஆர்வமாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

"அந்தப் பொடியனுக்கு என்ன வயசு?" என்றார்.

"ஏன்?"

"சும்மா. துறைக்கு எத்தின மணிக்குப் போன?"

அவன் மனைவியும் குழந்தையும் பக்கத்தில்தான் நின்றார்கள் என்று உடனே சொல்லியிருக்கலாம். கொஞ்ச நேரம் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்த மௌனம் எனக்கு வேண்டியிருந்தது. கடைசியில் சொன்னபோது அவர் பெரிதாக மூச்சு விட்டது கட்டாரிலிருந்து கேட்டது.

"நான் அங்க இருந்தா நானே கழட்டிப் பூட்டியிருப்பன்" என்றார். அவருக்கு டயர் மாற்றவே ஆள் வேண்டும்.

"ஓம், பூட்டியிருப்பீங்க" என்றேன்.

அதன்பின் சில நாட்கள் பஸ் தரிப்பிடத்தில் நான் நிற்க, கார் என்னைக் கடந்து போனது. ஒரு மழைக் காலையில் நின்றது. "ஏறுங்கக்கா" என்றாள் அவள். கிரான் வரும்வரை குழந்தைக்குப் பல் முளைப்பது பற்றிப் பேசினோம். பள்ளிக்கூட வாசலில் நான் கதவைத் திறக்கும்போது சொன்னாள்:

"அண்டைக்கு எனக்குக் கோவம் வந்திட்டு. உங்களோட இல்ல."

"என்னோடதான்" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் அதக் கழட்டக்குள்ள எனக்கும் வந்தது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எரிச்சல் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பின்னேரங்களில் அடுத்த வளவில் இரண்டு குரல்கள் சேர்ந்து கேட்டால் இன்னும் நான் ஜன்னலைச் சாத்துகிறேன். என் கணவரோ இப்போது வெள்ளிக்கிழமை மட்டும் என்றில்லாமல் நடுக் கிழமையிலும் எடுக்கிறார். பக்கத்து வீட்டுக் கார் ஒழுங்காக ஓடுதா என்று கேட்கிறார். ஓடுது என்கிறேன். அதற்கு மேல் விவரம் சொல்வதில்லை.