பயமறியாத ஈரல்

நேற்று சாலைக் கடைத்தெருவுக்குப் புளி வாங்கப் போனேன். ஒரு மண்டி வாசலில் உமி மூட்டை வாய் பிளந்து கிடந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் புளி மறந்துபோயிற்று. வெறுங்கையோடு ஸ்ரீவராகத்து வீட்டுக்குத் திரும்பினேன். வயசாகிவிட்டது என்று வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள்.

நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் எங்கள் ஆய்வகத்தில் எலிக்கூண்டுகளுக்கு உமிதான் மெத்தை. நாங்கள் ஊசியில் ஏற்றும் ஹார்மோன் எலியின் ஈரலில் எந்தெந்த மரபணுக்களை எழுப்புகிறது என்று பார்ப்பதே வேலை. அதில் ஒரு சங்கடம். எலி பயந்தாலே அதன் உடம்பில் தானாக வேறொரு ஹார்மோன் பொங்கி ஈரல்வரை போய்விடும். அப்புறம் எது ஊசியின் வேலை, எது பயத்தின் வேலை என்று பிரிக்க முடியாது. அதனால் தினமும் அவற்றை மடியில் போட்டுத் தடவிக்கொடுப்போம். ஈரலுக்காக அறுக்கும் கடைசி நாளிலும் அவை பயப்படக் கூடாதே!

எனக்கு அது நன்றாக வந்தது. அம்மாதான், "எலியத் தொட்ட கையோட அடுக்களைக்குள்ள வராதே, கேட்டயா" என்று வாசலிலேயே மறிப்பாள்.

கூட ஆராய்ச்சி செய்த கிரேஸ், பாறசாலைப் பக்கத்துத் தமிழ்ப்பெண். பாவம், எலியென்றால் அவளுக்கு நடுக்கம். அந்த நடுக்கம் எலிக்கும் தொற்றிவிடும். ஒருமுறை அவள் முடிவுகள் முழுக்கக் குழம்பி வீணாயின. இன்னொரு முறையும் அப்படியானால் பட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

"ஏட்டி, ஒனக்க கைக்குத்தான் அதுவ அடங்குது. எனக்க எலியளையும் கொஞ்சம் பழக்கித் தாயேன்" என்றாள்.

பழக்கினேன். எங்கள் இருவர் மூளைக்கும் எட்டாத விஷயம், அவை மனிதர்களுக்குப் பழகவில்லை, எனக்குப் பழகியிருந்தன. அறுக்கும் நாளன்று கிரேஸ் கூண்டைத் திறந்ததும் எல்லாம் மூலையில் ஒண்டிக் கீச்சிட்டன. அவள் கண் நிறைந்துவிட்டது.

"என்னால முடியல்லட்டி. நீயே எடுத்துத் தா."

அவளை வெளியே அனுப்பிவிட்டு, அவை அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு கையை நீட்டினேன். ஒவ்வொன்றும் தானாகவே வந்து ஏறிக்கொண்டது. அப்படியே அடுத்த அறைக்குக் கொண்டுபோனேன்.

முடிவுகள் அத்தனை சுத்தம். ஈரலில் பயத்தின் சுவடே இல்லை. கிரேஸ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

அந்த ஆய்வகத்தில் இன்று எலியறையே கிடையாதாம். கண்ணாடித் தட்டில் ஈரல் செல்களை வளர்த்துப் பார்த்துக்கொள்கிறார்கள். நல்லதுதான். அவற்றை யாரும் மடியில் போட்டுத் தடவ வேண்டியதில்லை. செல்கள் யாரையும் நம்புவதில்லை.