முன் சில்லு சுத்தாத ஜீப்

எங்கள் வீட்டில் மூன்று வாகனங்கள் இருக்கின்றன என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். அப்பாவின் தோணி, அம்மாவின் சைக்கிள், மாமியின் ஜீப். தோணியை வாகனக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ரீச்சர் சொல்லிவிட்டா. ஜீப்பைச் சேர்க்கலாமா என்பதில் எங்கள் வீட்டுக்குள்ளேயே சண்டை இருந்தது.

மாமி, அப்பாவின் ஒரே தங்கச்சி. கலியாணம் கட்டாமல் தையல் மிஷினோடு எங்கள் வீட்டில் இருந்தா. சுனாமி நிவாரண வேலைக்கு வந்தவர்கள் திரும்பிப் போகும்போது விற்ற கிழட்டு ஜீப்பொன்றை வாங்கி, தானே ஓட்டப் பழகிக்கொண்டா. பள்ளிச் சட்டைகளைத் தைத்து ஏற்றிக்கொண்டு, வாகரைப் பக்கம் பஸ் போகாத மணல் பாதைகளில் ஊர் ஊராகப் போவா. “அதுக்கும் ஒரு தாலி வாங்கிக் கட்டு கா” என்று அம்மா பகிடி பண்ணுவா. “கேட்டா கட்டத்தான் போறன் மச்சாள்” என்று மாமி சிரிப்பா.

அப்பாவுக்கு மட்டும் அது சிரிப்பில்லை. தங்கச்சி தனியாகக் காட்டு வழியில் போகிறாள் என்ற பயம் அவருக்கு. பயத்தை அவர் கோபமாகத்தான் பேசுவார். “வித்துப்போட்டு வீட்டோட இருந்து தை புள்ள.”

எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடப் புதுத் தவணை தொடங்க ஒரு கிழமை இருக்கும்போது, நானும் மாமியும் சட்டை மூட்டைகளோடு போய்க் கடற்கரை மணலில் புதைந்தோம். அந்த ஜீப்பில் மணலைக் கடக்க ஒரு முறை உண்டு. இறங்கி, முன் சில்லு இரண்டின் நடுவிலும் இருக்கும் மூடியை ‘லொக்’ என்று எழுதிய பக்கம் திருக வேண்டும். பிறகு ஏறி, சின்னக் கியர்த் தடியை இழுத்தால் நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும். மாமி எல்லாம் செய்தா. பின் சில்லுகள் குழி தோண்டின. முன் சில்லுகள் அசையவேயில்லை.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஆட்கள் கூடிவிட்டார்கள். “கியர் பெட்டி செத்துப்போச்சு” என்றார் ஒருவர். “பெட்டி இல்ல, வயசு” என்றார் மற்றவர். “ஓட்டுற ஆளுக்கா, ஜீப்புக்கா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். மாமி துணி வெட்டும் சோக்கை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கடியில் நுழைந்து, கியர் பெட்டியிலிருந்து முன்னுக்குப் போகும் ஷாப்ட்டில் ஒரு கோடு போட்டா. முன் ரயரில் ஒரு கோடு. ஏறி அக்சிலேட்டரை ஒருதரம் அமத்தி, நிற்பாட்டி, மறுபடி குனிந்து பார்த்தா.

“ரயர்க் கோடு வைச்ச இடத்தில நிக்குது. ஷாப்ட்டுக் கோடு திரும்பியிரிக்கு. பெட்டி தன்ட வேலையைச் செய்யுது அண்ணன்மாரே. அங்கால எங்கயோதான் பிழை.”

வலைக்காரர்கள் கயிறு கட்டி எங்களை இழுத்துவிட்டார்கள். சட்டைகள் வீட்டுக்கே திரும்பி வந்தன. வாகனம் திருத்தும் கராஜ் பாஸும் எட்டிப் பார்த்துவிட்டுக் கியர் பெட்டி என்றே சொன்னார். அப்பா உடனே ஆள் பிடித்துவிட்டார். ஞாயிறு பூசை முடிய, வாங்குகிறவர் வருவார்.

“முன் சில்லு சுத்தினா விக்கமாட்டன்” என்றா மாமி.

“சுத்தினா நானே வந்தவரைத் திருப்பி அனுப்புறன்” என்றார் அப்பா.

சனிக்கிழமை காலை மாமி ஜக் வைத்து முன்பக்கத்தை ஒவ்வொரு பக்கமாக உயர்த்தினா. மூடிகளை லொக்கில் திருகி, இடது சில்லைக் கையால் உருட்டினா. சில்லுக்குப் பின்னால் அதை இழுக்கும் கம்பியும் கூடவே கனமாக உருண்டது. வலது சில்லு காற்றாடி போலச் சுழன்றது; கம்பி அப்படியே நின்றது. “ஒரு சில்லு பிடி விட்டா மற்றச் சில்லும் சும்மாதான், ரெண்டுக்கும் சேத்துத்தான் இழுவை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வலது மூடியைக் கழற்றினா.

உள்ளே கறுத்து இறுகிய கிறீஸ், விளிம்பு முட்ட அடைத்துக் கிடந்தது. மூடியைத் திருகினால் நகர்ந்து கம்பியைப் பிடிக்க வேண்டிய வளையம் அதற்குள் புதைந்திருந்தது. குப்பென்று சுறா எண்ணெய் மணந்தது.

அந்த மணம் எனக்குத் தெரியும். இரண்டு மாதம் முன்னர், மாமி பூசைக்குப் போயிருந்த நேரம், உப்புக் காற்றில் இரும்பு கறள் பிடித்துவிடும் என்று அப்பா தோணி எஞ்சினுக்குச் செய்வதுபோலவே சுறா எண்ணெயில் கிறீஸைக் குழைத்து வலது மூடிக்குள் அடைத்தார். டின் பிடித்தது நான். ஒரு சில்லோடு டின் முடிந்துபோனது. விற்கச் சொல்லிக் கத்துகிற மனிதர் ஏன் ஒளித்துச் செய்கிறார் என்று நான் கேட்கவுமில்லை.

அப்பா பக்கத்தில்தான் நின்றார். நான் வாயைத் திறந்தேன்.

“மருமகள், பெற்றோல் போத்தலை எடுத்துட்டு வாங்க” என்றா மாமி. பிறகு நிமிராமலே, “உப்புக் காத்துதான் அண்ணன். பழைய கிறீஸ் இறுகிப்போச்சு.”

இவ்வளவு கெட்டிக்கார மாமிக்கு மணம் பிடிக்கத் தெரியவில்லையே என்று நான் பாவப்பட்டேன்.

பெற்றோலில் கழுவி, துடைத்து, விரல் நுனியளவு கிறீஸ் மட்டும் பூசி மாமி மூடினா. வலது சில்லை உருட்டியதும் கம்பியும் உருண்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தவரை அப்பா வாசல் படலையிலேயே நிறுத்தி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். திங்கள் விடிய, கேட்காமலே ஜீப்பின் பின் சீட்டில் சட்டை மூட்டைகளுக்கிடையில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

அதே மணல். மாமி சின்னத் தடியை இழுத்தா. ஜீப் ஒருதரம் உறுமி, நாலு காலிலும் எழும்பி, வலைக்காரர்களைத் தாண்டிப் போய் நின்றது. அவர்கள் வலையை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

“கியர் பெட்டி மாத்தினயா கா?”

மாமி வாயெடுக்க முன்னம் அப்பா கீழே குதித்தார்.

“பெட்டியில ஒண்டுமில்ல. என்ட கைப்பிழை. தோணியெண்டு நினைச்சுக் கிறீஸை அடைச்சு வைச்சது நான். கண்டுபிடிச்சது இவள், என்ட தங்கச்சி.”

மாமி சட்டென்று மற்றப் பக்கம் திரும்பி, மூட்டைகளை எண்ணத் தொடங்கினா. எண்ணி முடிக்க வெகுநேரம் எடுத்தது. அப்பாவோ நெஞ்சை நிமிர்த்தி, தோணி நிறைய மீனோடு கரைக்கு வந்தவர்போல நின்றார். பிழை செய்தவர்கள் தலை குனிந்துதான் நிற்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். இவர் ஏன் இப்படி நிற்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.