நாற்பத்து நான்கு நொடிகளுக்காகத் தாயில்பட்டி வரை

தாயில்பட்டிக்கு எப்படிப் போவது, நாங்களும் போய்க் காளிராஜைப் பார்க்க வேண்டும் என்று நம் குழுவில் மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். அதனால்தான் இந்தப் பதிவு. வழக்கமாக இங்கே பெங்களூருக் கச்சேரிக்கு எந்த வண்டி, எங்கே தங்கலாம், எந்தக் கடையில் சாப்பிட்டால் வயிறு கெடாது என்று எழுதுவேன். இந்த முறை கச்சேரி எதுவும் இல்லை. போன சனிக்கிழமை மன்னிப்புக் கேட்கப் போனேன்.

புதிதாக வருபவர்களுக்காக: நாங்கள் இருபத்திரண்டு பேர், டெத் மெட்டலும் பிளாக் மெட்டலும் கேட்கிறவர்கள். உறுமுவதையும் அலறுவதையும் பாட்டு என்று சொல்லி வீட்டில் திட்டு வாங்கும் கூட்டம். வாட்ஸ்அப் குழுவில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் முறைக்காரர் ஒருவர் ஏதாவது ஒரு பதிவைப் பெயர் சொல்லாமல் போடுவார். எந்த நாடு, எந்த ஆல்பம் என்று தெரியாமலே கேட்டு விமர்சனம் எழுதி, பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். ஞாயிறன்று அவர் பெயரை உடைப்பார். பெரிய பெயரைப் பார்த்துத் தலையாட்டுகிறவன் ரசிகனே இல்லை என்று வீறாப்பாகப் பேசி இதை ஆரம்பித்தவன் நான்தான். "கண்கட்டு வெள்ளி" என்று பெயர் வைத்ததும் நான்தான்.

குழுவில் 'கந்தகம்' என்ற பெயரில் எழுதியவர் காளிராஜ். தாயில்பட்டிக்காரர், பட்டாசுக் கம்பெனியில் வேலை. எந்த ஆல்பத்துக்கும் ஆறுக்கு மேல் போடமாட்டார். ஒரு ஸ்வீடன் குழுவின் டிரம்ஸைக் குண்டு வெடித்தது போல இருக்கிறது என்று நான் உருகி எழுதினால், "வெடிச்சா இப்படிக் கேக்காதுண்ணே, காது அடைச்சுப் போயிரும். இது தகர டப்பா. அஞ்சு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். பிளாக் மெட்டல் என்றால் பதிவு கரடுமுரடாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. மோசமாகப் பதிந்ததெல்லாம் உண்மையாகிவிடாது என்பது அவர் கட்சி. அவர் மேல் எனக்கு எரிச்சல். அவரிடம் ஒரு பாராட்டு வாங்கிவிட வேண்டும் என்ற ஆசையும் உண்டு.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளி, அவர் முறை. மாலை நாலேகாலுக்கு நாற்பத்து நான்கு நொடி ஓடும் ஒரு குரல் பதிவு வந்தது. முதலில் ஒரு மொத்தமான அடி. பிறகு படபடவென்று இடைவிடாத பொரிச்சல், மூச்சிரைப்பு, முப்பத்தோராவது நொடியில் ஓர் அலறல், சட்டென்று அறுந்த முடிவு. பழைய கேசட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டுப் போனில் பிடித்திருக்கிறார் என்று எங்களுக்கு நாங்களே விளக்கமும் சொல்லிக்கொண்டோம். டிரம்ஸ் கலங்கல் என்று ஒருவர் நாலு போட்டார். கிதாரே இல்லாதது துணிச்சல் என்று இன்னொருவர் ஏழு. நான் ஒன்பது போட்டேன். அந்த அலறலுக்கு மட்டும் ஒரு தனிப் பத்தி: "எந்த ஸ்டுடியோவிலும் வரவழைக்க முடியாத குரல்." அது போதாதென்று ஒலியையும் விமர்சனத்தையும் அன்றே இந்த பிளாக்கில் ஏற்றினேன்.

ஞாயிறன்று காளிராஜ் எழுதியது இவ்வளவுதான்: "அது எங்க மதினி. உள்ள எங்க அண்ணன் இருந்தாக." அடுத்த நிமிடம் குழுவைவிட்டு வெளியேறிவிட்டார். நான் பிளாக்கில் இருந்ததை எடுத்தேன். அவர் எண்ணுக்கு அனுப்பிய எதற்கும் பதில் இல்லை. போன மாதம் "நேர்ல வரலாமா?" என்று கேட்டேன். "வாங்க" என்று ஒரு சொல் வந்தது.

எழும்பூரிலிருந்து செங்கோட்டை வண்டி, ஸ்லீப்பர் 345 ரூபாய். சிவகாசியிலேயே நிற்கும். தெரிந்தேதான் விருதுநகருக்கு டிக்கெட் எடுத்தேன், இன்னும் கொஞ்ச நேரம் தள்ளிப்போகட்டும் என்று. காலை ஐந்தே காலுக்கு இறங்கி, குளித்து, பேருந்து நிலையத்தில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். விருதுநகர் வரை போய் எண்ணெய் புரோட்டா சாப்பிடவில்லையா என்று கேட்பவர்கள் வேறு பிளாக் பாருங்கள். சிவகாசிக்கு இருபத்தாறு கிலோமீட்டர், 28 ரூபாய், முக்கால் மணி நேரம். அங்கிருந்து வெம்பக்கோட்டை வழியாகப் போகும் பேருந்து, ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், 20 ரூபாய். சாலையின் இரண்டு பக்கமும் கரிசல், கருவேலம், இடைவெளி விட்டு விட்டுச் சின்னச் சின்ன ஷெட்டுகள். ஜன்னலோரம் கிடைத்தால் உட்காருங்கள், வெயில் எட்டரைக்கே அடிக்கிறது.

நடத்துநர் பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எந்தக் கம்பெனிக்குப் போறீக? ஆர்டரா?"

"இல்லண்ணே, ஒருத்தரப் பாக்கணும்."

"சீசன் இல்லாத நேரத்துல வெளியூர் ஆளுக வந்தா ஒண்ணு ஆர்டரு, இல்லன்னா துட்டி."

துக்கம் விசாரிக்க வருவதைத்தான் துட்டி என்கிறார்கள். துட்டிதான் என்றேன். எப்போது நடந்தது என்று கேட்டார். சொன்னேன்.

"நாலு மாசங் கழிச்சா துட்டி கேக்க வாறீக?" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். பேருந்தே திரும்பிப் பார்த்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வர வேண்டாம், நிறுத்தத்திலேயே இருங்கள் என்று காளிராஜ் முன்பே சொல்லியிருந்தார். டீக்கடை பெஞ்சில் எனக்கு முந்தியே வந்து உட்கார்ந்திருந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். மெலிந்த ஆள். அத்தனை ஆல்பங்களைத் தூக்கிப்போட்டு மிதித்தவர் இவர்தானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"உக்காருங்கண்ணே. டீ சொல்லுறேன்."

ரயிலில் இரவு முழுக்க ஒத்திகை பார்த்த மன்னிப்பு பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டது. அவரே பேசினார்.

"உள்ள போன் கொண்டு போகக் கூடாது. வேலை முடிஞ்சு வாசல்ல வாங்குவோம். அன்னைக்கு என் முறைல்ல? வீட்டுக்குப் போய்த்தான் பாட்டுப் போட முடியும், பொறுங்கன்னு சொல்லுவோம்னு பட்டன அமுக்கிப் பேச வாயத் தொறந்தேன். அண்ணன் வேல பாத்த பக்கத்துக் கம்பெனி வெடிச்சுப் போயிருச்சு. மதினி எனக்கு முன்னால நடந்துக்கிட்டு இருந்தாக. நான் ஓடுனேன், அவுகளும் ஓடுனாக. பட்டன்ல இருந்து கைய எப்ப எடுத்தேன்னு தெரியாது. அதுவா வந்து சேந்திருக்கு உங்களுக்கு."

"ரெண்டு நாள் நாங்க அத வெச்சு..."

"பாத்தேன். ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து பாத்தேன். உங்களது ரொம்ப நீளம்." அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு போனை எடுத்து ஒரு ஆல்பத்தைக் காட்டினார். போலந்தில் ஒருவர் தனியாளாகப் போட்டது, வந்து ஒரு மாதம் ஆகிறது. ஒரு காதுக்கருவியை எனக்குக் கொடுத்தார். மொத்தமான அந்த அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பிளாக்கில் இரண்டு நாள் இருந்ததை அந்தப் போலந்துக்காரர் எடுத்து, தன் ஆல்பத்தின் தொடக்கமாக ஒட்டியிருக்கிறார். முப்பதாவது நொடிக்கு முன்பே காளிராஜ் நிறுத்திவிட்டார்.

"நல்ல ஆல்பம்ணே. ரெண்டாவது பாட்டுல கிதார் அம்புட்டு அருமை. ஏழு குடுப்பேன். மொத நாப்பத்து நாலு செகண்ட மட்டும் எடுக்கச் சொல்லுங்க. எனக்கு இங்கிலீசுல எழுத வராது. மதினிக்கு இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. இங்கன யாரும் இந்தப் பாட்டு கேக்க மாட்டாக, ஆனா என்னைக்காவது எவனாவது ரீல்ஸ்ல போட்டு அவுக காதுல விழுந்துட்டா?"

இன்றே எழுதுகிறேன் என்றேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "உண்மையச் சொல்லுங்கண்ணே. இப்பக் கேட்டாலும் ஒம்பதுதானா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

அப்போதுதான் கையில் தூக்குவாளியோடு ஒரு பெண் கடைப்பக்கம் வந்தார். காளிராஜ் சட்டென்று எழுந்து நின்ற விதத்தில் யாரென்று புரிந்தது. எந்தப் பாடகனையும் மூன்று நொடியில் குரலை வைத்தே சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிறவன் நான். அவர் பேசியது சாதாரணமான, கொஞ்சம் கம்மிய குரல். எனக்கு அடையாளமே தெரியவில்லை.

"வாங்கண்ணே. மெட்ராஸா? தம்பி வீட்டுக்குக் கூட்டிட்டு வராம இங்கன உக்கார வெச்சிருக்கு பாருங்க. சாப்பிட்டீகளா?"

"பாட்டு குரூப்புல பழக்கம், மதினி" என்றார் காளிராஜ்.

"அந்தக் கத்துற பாட்டா? அவுக அண்ணன் இருக்கும்போது ரெண்டு பேருக்கும் அதுலதான் சண்டையே. இப்பக் கேக்குறதே இல்லண்ணே, உம்முன்னே கெடக்கு. நீங்களாச்சும் நல்ல பாட்டா நாலு அனுப்பி விடுங்க."

அனுப்புகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். போனேன். சோறும் அவரைக்காய்ப் புளிக்குழம்பும் போட்டு, அப்பளம் கூட வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிட்டேன். ஒன்றே முக்கால் பேருந்தில் ஏறிவிட்டேன்.

போலந்துக்காரருக்குப் பேருந்திலேயே எழுதினேன். அந்த அலறல் யாருடையது, ஏன், எல்லாம் எழுதினேன். மறுநாள் மரியாதையாகப் பதில் வந்தது. என் விமர்சனத்தைப் படித்துத்தான் அந்த ஒலியை எடுத்தாராம். கேட்பவர்கள் எல்லோரும் அந்தத் தொடக்கத்தைத்தான் புகழ்கிறார்களாம், உண்மைக் கதை தெரிந்தபின் அதன் மதிப்பு அவருக்கு இன்னும் கூடிவிட்டதாம். அந்த அம்மாவின் பெயரைச் சொன்னால் அட்டையில் நன்றி போடுகிறாராம். இதைக் காளிராஜிடம் எந்த வாயால் சொல்வது? "எடுத்துட்டாகளாண்ணே?" என்று நேற்றும் கேட்டிருக்கிறார்.

இனி நீங்கள் கேட்ட தகவல். போக வர எனக்கு ஆயிரத்துக்குள் ஆனது. சிவகாசிக்கே டிக்கெட் எடுத்தால் ஒரு பேருந்து மிச்சம். ஆனால் போகாதீர்கள். மூன்று பேர் வரிசையாகப் போய் நின்றால் எதற்கு இத்தனை பேர் வருகிறார்கள் என்று மதினி கேட்பார். நம் மனம் ஆறுவதற்காக அவர் வீட்டில் இன்னொரு இலை போட வைக்க வேண்டாம்.

அதற்குப் பதிலாக இருபத்தொரு பேரும் போலந்துக்கு ஆளுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். முகவரியைக் குழுவில் போட்டிருக்கிறேன். ஒரு மனைவி, உள்ளே அவள் கணவன், எடுத்துவிடு என்று மட்டும் எழுதுங்கள். நான் செய்த தவற்றைச் செய்யாதீர்கள். அந்தக் குரல் எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கூட எழுத வேண்டாம். நாம் நன்றாக எழுதிவிடுவோம், அவர் எடுக்கவே மாட்டார்.