மை பார்த்து வாங்காத பங்கு

எங்கள் வீட்டில் கம்பெனிப் பங்கு வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு சொன்ன ஆள் நான்தான். அப்போது எனக்கு ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன்.

கொரியாவில் சண்டை நடந்த காலம். றப்பருக்கு ஏகப்பட்ட கிராக்கி. இலங்கையில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்தார். ஆபீஸ் கிளாக்கர் ஐயா பேப்பரும் கையுமாக வந்து, "றப்பர் கம்பெனிப் பங்கு ஏறிக்கிட்டே போகுது, கணக்கப்பிள்ள. நான் வாங்கிட்டேன். நீங்க மாட்டக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க" என்று அப்பாவை உசுப்பேற்றிவிட்டார். மாடு என்றது எங்கள் பசுவை. அம்மா கன்றுக்குட்டியாக வாங்கி வளர்த்தது. அதை விற்றால்தான் பங்கு வாங்க முடியும்.

"ஏங்க, பசு வேணாம்ங்க" என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். அப்பா காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. ஆனாலும் அவருக்கும் உள்ளூரப் பயம்தான். வட்டகொடையிலிருந்து சோசியரை வரவழைத்தார்.

சோசியர் பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "கம்பெனி பொறந்த நேரம் என்னங்க?" என்றார். அப்பா முழித்தார். அது சீமையில் பிறந்தது என்பதற்கு மேல் கிளாக்கர் ஐயாவுக்கே தெரியாது.

"நட்சத்திரம் தெரியாம ஜாதகம் எப்புடிக் கணிக்கிறது? மை போட்டுப் பாத்துருவோம். சின்னப் புள்ளைக கண்ணுக்குத்தான் மையில தெரியும்" என்று சோசியர் என்னைக் கூப்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெளியே மழை மூட்டம். பகலிலேயே வீடு இருண்டு கிடந்தது. சோசியர் ஒரு வெற்றிலையில் கறுப்பு மையைப் பளபளவென்று தடவி என் உள்ளங்கையில் வைத்தார். அம்மா மண்ணெண்ணெய் விளக்கை ஏந்திக்கொண்டு என் முதுகுப் பக்கம் வந்து நின்றாள்.

"என்ன தெரியுது தாயி?"

"ஒன்னும் தெரியலையே... இருங்க, இருங்க! ஒரு பொம்பள. மூக்குத்தி மின்னுது. தலைய ஆட்டுறாங்க."

"எப்புடி ஆட்டுறாங்க?"

"வேணாம் வேணாம்னு."

சோசியர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மாரியாத்தாளே வந்துட்டா! மாட்ட விக்காதீங்க கணக்கப்பிள்ள." அப்பா என் கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்துக் கும்பிட்டார். மாடு தப்பியது.

அதற்கப்புறம் றப்பர் விலை படுத்தே விட்டது. கிளாக்கர் ஐயா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார். அப்பா கோயிலில் தேங்காய் உடைத்தார். என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. எனக்கும் திமிர் ஏறிப் போயிற்று. கூடப் படித்த பிள்ளைகளிடம் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு குறி சொன்னேன்.

அத்தோடு அப்பா அடங்கினாரா? தேயிலைக் கம்பெனிப் பங்கு மலிவாகக் கிடைக்கிறது என்று யாரோ ஊத, மறுபடியும் மாட்டு வியாபாரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். வியாபாரி கயிற்றோடு வாசலில் நிற்கிறான். உள்ளே சோசியர் மை தடவுகிறார். அம்மா விளக்கோடு என் பின்னால் வந்தாள். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

"அம்மா, அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க. நீங்க மறைச்சுக்கிட்டு நின்னா சாமி எப்புடி வரும்?"

அம்மா விளக்கைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

மையில் கும்மிருட்டு. கண் வலிக்க உற்றுப் பார்த்தும் ஒருவரும் வரவில்லை.

"சாமி ஒன்னும் சொல்லலேன்னா சம்மதம்னுதான் அர்த்தம்" என்று அப்பா எழுந்தார். வெளியே வியாபாரி கொட்டகைப் பக்கம் நடக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாதி பசுவுக்காக, பாதி என்னை விட்டுப் போய்விட்ட சக்திக்காக.

அம்மா வெடுக்கென்று விளக்கை எடுத்துக்கொண்டு வந்து, என் தோளுக்கு மேல் குனிந்தாள்.

"அழுவாத. இப்பப் பாரு."

பார்த்தேன். மூக்குத்தி மின்னியது. தலை ஆடியது, போன தடவையைவிடப் பலமாக.

"வந்துட்டாங்க! வேணாங்கிறாங்க!" என்று கத்தினேன். அப்பா ஓடிப்போய் வியாபாரியின் கையிலிருந்து பசுவைப் பிடுங்கி மறுபடி கட்டினார்.

பாவம், கூச்ச சுபாவமுள்ள சாமி போலிருக்கிறது, எங்கம்மா துணைக்கு நின்றால்தான் வாய் திறக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.